பதினோராம் பக்கம்

நோர்பரி
15.02.2025

அன்புத் தங்கச்சி சுவர்ணாவுக்கு,

முழங்கால் நோவை விட்டால் எனக்கு ஒரு குறையும் இல்லை. அத்தானுக்குப் பிரஷர் ஒரு கட்டுக்குள்ள இருக்கு. உன்ர இருமல் விட்டிட்டுதோ? இருமலோட பச்சைத் தண்ணியில தலை முழுகாதை.

ஒரே லண்டனுக்குள்ள இருந்துகொண்டு அக்காவுக்கு என்ன கடிதம் எண்டு யோசிப்பாய். அத்தான்ர புத்தி. "நீங்கள் ரெண்டு பேரும் போன் எடுத்தால் ரெண்டு நிமிசத்தில சண்டை. கடிதமெண்டால் முத்திரை ஒட்டுறதுக்குள்ள கோபம் ஆறிப்போகும்" எண்டார். அவர் சொல்லுறதில வருசத்துக்கு ஒண்டு சரிவரும். இது அந்த ஒண்டாய் இருக்கட்டும்.

தைப்பூசத்தண்டு ஆர்ச்வே கோயிலில நடந்ததை நான் மறக்கேல்லை. ஆரோ ஒரு மனிசி மிதுஷாவைப் பார்த்து "உங்கட மகளோ?" எண்டு உன்னட்டக் கேட்க, நீ சிரிச்சுக்கொண்டு நிண்டாய். "இல்லை, அக்காவின்ர" எண்டு சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? அதுக்குத்தான் நான் செருப்பு வைக்கிற இடத்தில நிண்டு கத்தினது. கத்தினது பிழை. கோபம் பிழையில்லை.

திங்கள் தொடக்கம் வெள்ளி மட்டும் பிள்ளை உன்னோட. இஞ்சையிருந்து எட்மண்டன் கொலிச்சுக்குத் தினம் போய்வர மூண்டு மணித்தியாலம் எண்டபடியால் நானேதான் விட்டனான். சனிக்கிழமை என்ர. அண்டைக்கு முழுக்க எங்கட பலசரக்குக் கடையில என்னோட காசு வாங்குற ரில்லில நிப்பாள். அவள் நிக்கிற நாளில எனக்குக் கால் நோகிறேல்லை.

அக்கவுண்ட்ஸ் எப்பிடிப் போகுது எண்டு கேட்டால் "ஓகே அம்மா" எண்டுறாள். அதுக்கு மேல ஒரு சொல் வராது. நீ அதே கொலிச்சில படிப்பிக்கிறாய், விசாரிச்சு எழுது. அவள் படிச்சு முடிச்சால்தான் கடையை ஒரு கையில குடுத்திட்டு நான் இருக்கலாம்.

உடம்பைப் பார்.
அக்கா
தவநாயகி


எட்மண்டன்
23.02.2025

அன்பான அக்கா,

இருமல் முக்கால்வாசி போட்டுது. அத்தானுக்கு உப்பைக் குறையுங்கோ. உங்கட முழங்காலுக்கு நான் குடுத்துவிட்ட பூச்சு மருந்தை மிதுஷா தந்தவளோ? வடிவாய்ச் சாப்பிடுறாள், நேரத்துக்குப் படுக்கிறாள், ஒரு கவலையும் வேண்டாம்.

கோயில் விசயத்தில நீங்கள் சொன்னது சரி. நான் வாய் திறந்திருக்க வேணும்.

எனக்கு ஒரு பெரிய வேலை வந்திருக்கு. எங்கட கொலிச்சில முதல் வருசம் படிக்கிற பிள்ளையள் நேரே யூனிவர்சிற்றியில ரெண்டாம் வருசத்துக்குப் போகக்கூடியதாய் ஒரு சேதன இரசாயனப் பாடம், ஓர்கானிக் கெமிஸ்ற்றி, அமைக்கச் சொல்லி என்னட்டத் தந்திருக்கினம். ஜூன் மாதம் யூனிவர்சிற்றிக் குழு வந்து பார்க்கும். "இது எங்கட முதல் வருசத்துக்கு நிகர்" எண்டு அவை ஒத்துக்கொண்டால் இந்த வருசத்துப் பதினெட்டுப் பிள்ளையளும் தப்பினமாதிரி. இல்லாட்டி அங்க போய்த் திரும்ப முதலில இருந்து. ஒரு வருசம் வீண்.

செய்முறைக்குப் பன்னிரண்டு பரிசோதனை வைச்சிருக்கிறன். கராம்பில இருந்து எண்ணெய் வடிக்கிறது, தோடம்பழத் தோலில இருந்து வடிக்கிறது, கறுவா, தேயிலை. பிள்ளையளுக்குக் கையில பிடிச்சு மணந்து பார்க்கிற சாமான் வேணும். ஆனால் கொலிச்சுக்கு வாற கராம்பில ரெண்டு துளிகூட வரேல்லை. நீங்கள் முப்பது வருசமாய்க் கராம்பு விக்கிற ஆள். என்ன செய்யலாம் எண்டு சொல்லுங்கோ.

உங்கட
சுவர்ணா


நோர்பரி
02.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

பூச்சு மருந்து வந்து சேர்ந்தது. மணம் நல்லாயிருக்கு, நோ அப்பிடியே இருக்கு. நீ சுகமாய் இருப்பாய் எண்டு நம்புறன்.

உங்கட கொலிச்சுக்குச் சாமான் குடுக்கிறவன் ஏற்கெனவே எண்ணெய் எடுத்த கராம்பைத் தலையில கட்டியிருக்கிறான். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒரு கிளாஸில தண்ணி எடுத்துப் பத்துக் கராம்பைப் போடு. எண்ணெய் உள்ளது தாழும், அல்லது மொட்டு மேல தெரிய நிமிர்ந்து நிக்கும். எடுபட்டது படுத்து மிதக்கும். நான் மூட்டை வாங்க முதல் ஒவ்வொரு தரமும் செய்யிறது. வித்தவன் முகம் அப்பவே சொல்லிப்போடும். நல்ல கராம்பு அஞ்சு கிலோ மிதுஷாவிட்டக் குடுத்துவிடுறன்.

இதை எழுத எனக்கு எரிச்சல் எண்டு நீ நினைப்பாய். ஓம், எரிச்சல்தான். மறைச்சு என்ன காணப்போறன்? ஏ-லெவல் சோதினையில இரசாயனத்துக்கு எனக்கு ஏ. நாலு வருசம் கழிச்சு நீ எடுத்தது பி. கம்பஸுக்கு எடுபட்ட கடிதம் வந்த கிழமையே எனக்குக் கலியாணம் சரிவந்து லண்டனுக்கு ஏத்திவிட்டினம். ஏ எடுத்தவள் கராம்பு நிறுக்கிறாள், பி எடுத்தவள் யூனிவர்சிற்றிக்குப் பாடம் எழுதுறாள். முருகன் நல்லாத்தான் தராசு பிடிக்கிறார்.

அக்கவுண்ட்ஸ் விசயம் நீ எழுதேல்லை. மறந்துபோனாய் போல.

அக்கா


எட்மண்டன்
20.03.2025

அன்பான அக்கா,

எல்லாரும் சுகமெண்டு மிதுஷா சொன்னாள். எனக்கும் சுகம், நித்திரைதான் குறைவு.

கராம்பு! பதினெட்டுப் பிள்ளையளும் கிளாஸைச் சுத்தி நிண்டு பார்த்தவை. கொலிச்சுக் கராம்பு செத்த மீன் மாதிரிப் படுத்தது, உங்கட கராம்பு பட்டாளம் மாதிரி நிமிர்ந்து நிண்டது. அந்தச் சோதனையை அப்பிடியே பாடத்தில சேர்த்திட்டன்.

முழுத் திட்டத்தையும் இதோட வைச்சிருக்கிறன், நாப்பத்திரண்டு பக்கம். லாப் மார்ச் 31 தொடங்குது. அதுக்கு முதல் எதையும் மாத்தலாம், பிறகு ஏலாது. இஞ்ச இருக்கிற ஆக்கள் எல்லாரும் "வெரி குட்" எண்டுபோட்டுப் போகினம். எனக்கு உங்கட கண் வேணும், அக்கா. சின்னனில என்ர கொப்பியைப் பார்த்துப் பிழை பிடிக்கிற அந்தக் கண்.

மிதுஷாவுக்குத் தடிமன் வந்து மாறியிட்டுது.

உங்கட
சுவர்ணா


நோர்பரி
27.03.2025

தங்கச்சிக்கு,

இஞ்ச சுகம்.

வாசிச்சன். பதினோராம் பக்கம் ரெண்டு தரம் வாசிச்சன். நான் பிழை சொல்ல என்ன இருக்கு? நீ படிச்ச ஆள்.

அக்கவுண்ட்ஸ் பற்றி மூண்டாம் தரமும் கேட்கிறன்.

அக்கா


எட்மண்டன்
05.04.2025

அன்பான அக்கா,

உங்கட கடிதம் சின்னன். அத்தானுக்கு ஏதும் சுகமில்லையோ எண்டு பயந்து மிதுஷாவைக் கேட்டன். "அப்பா ஓகே, அம்மா பிஸி" எண்டாள். முழங்காலைக் கவனியுங்கோ.

ஆனால் அந்தச் சின்னக் கடிதத்தைப் பத்துத் தரம் எடுத்துப் பார்த்தன். பதினோராம் பக்கத்தில இருக்கிறது கராம்புப் பரிசோதனை, உங்கட தண்ணிச் சோதனையும் அதிலதான். அதை நீங்கள் ரெண்டு தரம் வாசிச்சிருக்கிறியள். ஏன் எண்டு எனக்கு விளங்கினது. கண் கலங்கிப்போச்சு, அக்கா.

முதல் லாப் நல்லாய்ப் போனது. அந்த மணம் இன்னும் என்ர கோட்டில இருக்கு.

நேரம் கிடைக்கேக்க எழுதுங்கோ.

சுவர்ணா


எட்மண்டன்
17.05.2025

அன்பான அக்கா,

ஆறு கிழமையாய் உங்களிட்ட இருந்து ஒரு வரியும் இல்லை. நீங்கள் சுகமெண்டு பிள்ளையிட்டக் கேட்டுத்தான் அறியிறன்.

நீங்கள் மூண்டு தரம் கேட்டதுக்கு நான் மூண்டு தரமும் பதில் எழுதேல்லை. இனி மறைக்க ஏலாது. வாற கிழமை பிள்ளையளின்ர பேர் யூனிவர்சிற்றிக்குப் போகுது, பிறகு வீட்டுக்கும் கடிதம் வரும். அதைப் பார்த்து நீங்கள் அறியக்கூடாது.

மிதுஷா அக்கவுண்ட்ஸ் படிக்கேல்லை. செப்டெம்பரில ரெண்டு கிழமை இருந்துபோட்டு மாறியிட்டாள். அவள் என்ர வகுப்பு. அந்தப் பதினெட்டில ஒராள்.

நான் இழுக்கேல்லை, அக்கா. ஒரு நாள் என்ர வகுப்பில வந்து கதிரையில இருந்தாள். "அம்மாட்டச் சொன்னனியோ?" எண்டு கேட்டன். "அம்மாக்கு நான் கடை பார்க்கவேணும். அதோட, உங்கட சப்ஜெக்ட் எண்டால் அம்மாக்கு இன்னும் கோபம் வரும் சித்தி. யூனிவர்சிற்றி கிடைச்சாப் பிறகு சொல்லுறன்" எண்டாள். சொல்லச் சொல்லி எத்தினையோ தரம் சொன்னன். பிறகு நானும் பேசாமல் விட்டிட்டன்.

பேசுங்கோ. போனிலயெண்டாலும் பரவாயில்லை.

சுவர்ணா


நோர்பரி
20.05.2025

சுவர்ணா,

சுகம் விசாரிக்கிற நிலையில நான் இல்லை.

இது நாலாவது பேப்பர். முதல் மூண்டிலயும் உன்னைக் கள்ளி எண்டு எழுதிக் கிழிச்சன். எட்டு மாதம் பிள்ளை உன்ர வீட்டில இருந்து உன்ர பாடம் படிக்க, நான் இஞ்ச வாற போற சனத்துக்கெல்லாம் "மகள் அக்கவுண்டன்ற் ஆகப்போறாள்" எண்டு சொல்லிக்கொண்டு நிண்டிருக்கிறன். போன் எடுத்தால் வாய்க்கு வந்தபடி சொல்லிப்போடுவன். அதுதான் எடுக்கேல்லை.

ஆனால் அதிலும் அவசரமான ஒண்டு இருக்கு. கோபத்தை ஒரு பக்கம் வைச்சிட்டு இதை வாசி.

உன்ர திட்டத்தில நாலாம் பக்கத்தைப் பார். "ஒவ்வொரு பிள்ளையும் பரிசோதனையைத் தன்ர கையால, தனியச் செய்யவேணும்" எண்டு யூனிவர்சிற்றியின்ர நிபந்தனை கிடக்கு. இப்ப பதினோராம் பக்கம். கீழ சாமான் பட்டியல். வடிக்கிற கண்ணாடிச் செற் ஆறு. பிள்ளையள் பதினெட்டு. ஒரு லாப், ஒரு நேரம். அப்ப ஒராள் செய்ய ரெண்டு பேர் பார்த்துக்கொண்டு நிக்கினம். பார்த்துக்கொண்டு நிண்டது செய்ததில சேராது. இன்வொய்ஸில பதினெட்டுப் பெட்டி எண்டு போட்டு லொறியில ஆறு பெட்டி வந்தால் எனக்கு ஒரு நிமிசம் வேணாம், தெரிஞ்சுபோடும்.

இது உனக்கு ஏன் தெரியேல்லை எண்டதும் எனக்குத் தெரியும். நாங்கள் படிக்கேக்க நாப்பது பேருக்கு ஒரு செற். ரீச்சர் செய்வா, முன்வரிசை பார்க்கும், பின்வரிசை எட்டிப் பார்க்கும், எல்லாரும் கொப்பியில "செய்தோம்" எண்டு எழுதுவம். உனக்கு அது இன்னும் செய்முறைதான்.

எப்ப கண்டனான் எண்டு கேட்பாய். மார்ச் 27.

அந்தப் பக்கத்தை நான் ரெண்டு தரம் வாசிச்சது நீ நினைச்ச காரணத்துக்கு இல்லை. முதல் தரம் என்ர பேரைத் தேடினன். கராம்பைத் தண்ணியில போடுற சோதனையை "எளிய சோதனை ஒன்று" எண்டு போட்டிருந்தாய். ஆர் சொன்னது எண்டு இல்லை. ரெண்டாம் தரம் வாசிக்கேக்க ஆறு செற் கண்ணில பட்டது. பேனையை எடுத்தன். பிறகு வைச்சிட்டன். படிச்ச ஆள்தானே, பார்த்துக்கொள்ளட்டும் எண்டு நினைச்சன். நீ விழவேணும் எண்டு நினைச்சன். இதைவிட நல்லமாதிரி எழுத எனக்குத் தெரியாது.

விழப்போறது ஆர் எண்டு அப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் சொல்லியிருப்பன். மற்றப் பதினேழு பேருக்காகச் சொல்லேல்லை எண்டதையும் நீ கவனிப்பாய். நானும் கவனிச்சன்.

எத்தினை லாப் முடிஞ்சிது? மிச்சத்தையெண்டாலும் மாத்து.

அக்கா


எட்மண்டன்
29.06.2025

அக்காவுக்கு,

நான் சுகம். அத்தானும் நீங்களும் சுகமாய் இருக்கவேணும்.

உங்கட கடிதம் வந்த அண்டைக்கு எட்டுப் பரிசோதனை முடிஞ்சிருந்தது. மிச்சம் நாலுக்கும் பிள்ளையளை மூண்டு பிரிவாய்ப் பிரிச்சு, ஒவ்வொரு பிள்ளையும் தனியச் செய்யப் பண்ணினன். குழு ஜூன் 12 வந்தது. அவை கேட்க முதல் நானே எழும்பி, முதல் எட்டிலயும் பிள்ளையள் மூண்டு பேராய்ச் செய்தவை, பிழை என்ர, எண்டு சொன்னன். ஒரு மனிசி பதினோராம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத் தலையை ஆட்டினா. நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவவே பிடிச்சிருப்பா, அதோட கதை முடிஞ்சிருக்கும்.

பாடத்தை ஒத்துக்கொண்டிருக்கினம். ஒரு நிபந்தனை. அந்த எட்டையும் ஒவ்வொரு பிள்ளையும் தனியத் திரும்பச் செய்யவேணும், ஓகஸ்ட் முடிய முதல். கிழமை நாளில பிள்ளையளுக்கு வேலை, லாப்பும் கிடைக்காது. கிடைச்சது சனிக்கிழமை மட்டும். ஜூலை 5 தொடக்கம் ஓகஸ்ட் 23 மட்டும், எட்டுச் சனி. ஒரு நாளைக்கு மூண்டு ஷிப்ட், ஷிப்டுக்கு ஆறு பேர். மிதுஷா நடு ஷிப்ட், பன்னிரண்டு மணி. போக வர நேரத்தையும் பார்த்தால் அவள் கடைக்கு வர ஏலாது.

மார்ச்சில சொல்லியிருந்தால் ஒரு சனியும் போயிராது.

அவளைப் பற்றி நான் மறைச்சது பிழை. உங்கட பேரைப் போடாமல் விட்டதும் பிழை. போடவேணும் எண்ட யோசினையே எனக்கு வரேல்லை, அதுதான் பெரிய பிழை. ஆனால் அந்த "ரெண்டு தரம்" இருக்கே, அக்கா. அந்தக் கடிதத்தை நான் என்ர பையில வைச்சுக்கொண்டு திரிஞ்சன்.

நீங்கள் மார்ச்சிலயே கண்டதை மிதுஷாவுக்கு நான் சொல்லேல்லை. அது உங்கட வேலை.

சுவர்ணா


நோர்பரி
24.08.2025

அன்புத் தங்கச்சிக்கு,

எட்டுச் சனியும் காலமை தொடங்கிப் பொழுதுபடுமட்டும் நிண்டிருக்கிறாய். உன்ர காலை நினைச்சன். என்ர முழங்காலுக்குக் குடுத்த அதே மருந்தை நீயும் பூசு, அது எனக்குத்தான் சரிவரேல்லை. அத்தான் உன்னைக் கேட்டதாய் எழுதச் சொன்னார்.

ரெண்டு மாதம் எழுதாமல் விட்டது கோபத்தில இல்லை. எட்டும் முடியட்டும் எண்டு இருந்தன்.

மிதுஷாவிட்ட முதல் சனிக்கு முந்தின நாளே சொல்லிப்போட்டன். வெள்ளி பின்னேரம், கடை பூட்டுற நேரம். அவள் ஷட்டர் கம்பியைக் கையில பிடிச்சுக்கொண்டு கேட்டாள். "சோ, நீங்கள் பார்த்தனீங்கள். பார்த்திட்டுச் சொல்லேல்லை." ஓம் எண்டன். "ஏன் அம்மா?" எண்டாள். "எரிச்சல்" எண்டன். ஷட்டரை இழுத்துப் பூட்டிப்போட்டு நடந்தாள். வீடு மட்டும் என்னை முன்னால விட்டிட்டுப் பின்னால வந்தாள்.

மற்றக் கிழமையும் கதைக்கேல்லை. மூண்டாம் கிழமை, சோறு போட்டுக்கொண்டு நிக்கேக்க, "நாப்பத்திரண்டு பக்கத்தில அதை எப்பிடிப் பிடிச்சனீங்கள்?" எண்டு கேட்டாள். இன்வொய்ஸ், லொறி எல்லாம் சொன்னன். கேட்டுக்கொண்டு இருந்திட்டு, "சித்தியும் காணேல்லை, கொலிச்சு டீனும் காணேல்லை" எண்டாள். புகழ்ந்தாளோ குத்தினாளோ தெரியேல்லை. ரெண்டும்தான் எண்டு எடுத்துக்கொண்டன்.

சனிக்கிழமையளில ரில்லில நான் தனிய. ஒரு வாடிக்கைக்கார மனிசி, "எங்க உங்கட மகள், அக்கவுண்ட்ஸ் படிக்கிற பிள்ளை?" எண்டு கேட்டா. "இல்லை, அவள் இரசாயனம்" எண்டன். "ஆர் படிப்பிக்கிறது?" எண்டு அடுத்த கேள்வி. "அக்காவின்ர" எண்டு சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும் எண்டு நான் உன்னைக் கேட்டன் பார், கோயில் விசயத்தில. செக்கன் இல்லை. கனநேரம் பிடிக்கும். ஆனால் உன்ர பேரைச் சொன்னன்.

நேற்று கடைசிச் சனி. ராச்சாப்பாட்டுக்கு வந்தவள், பையில இருந்து ஒரு சின்னப் போத்திலை எடுத்து என்ர கையில வைச்சாள். கராம்பெண்ணெய். என்ர கராம்பு. மூடியைத் திறக்க முதலே மணம் வந்திட்டுது. லேபிளில அவளின்ர கையெழுத்தில "தனியே செய்தது: மிதுஷா ஸ்ரீஸ்கந்தராஜா" எண்டு தமிழில எழுதியிருக்கு. எனக்கு விளங்கட்டும் எண்டு எழுதினாளாம். நான் ஏ எடுத்தனான் எண்டு அவளுக்கு ஆரும் சொல்லேல்லைப் போல.

போத்தில் இப்ப ரில்லுக்குப் பக்கத்தில நிக்குது. விலை கேட்ட ஆக்களுக்கு விக்கிறேல்லை எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன். முப்பது வருசத்தில இந்தக் கடையில விலை சொல்லாத முதல் சாமான்.

லேபிளின்ர கீழ, "மேற்பார்வை" எண்ட இடத்தில உன்ர கையெழுத்தும் கிடக்கு. இண்டைக்குக் காலமை, சனம் வர முதல், லேபிளின்ர அந்த மூலையை நகத்தால சுரண்டிப் பார்த்தன். போகேல்லை. நல்ல பசை.

அக்கா
தவநாயகி